பயிருக்குக் காப்பீடு உண்டு; குடியிருக்கும் வீட்டுக்கு?

கடலூர் மாவட்டத்து விவசாயிக்குப் பயிர் காப்பீட்டைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. சம்பா நடவு முடிந்ததும் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கோ பொதுச் சேவை மையத்துக்கோ போய்வருவது இங்கே வழக்கமாகிவிட்டது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். அதைக் கட்டிவிட்டால் மனம் ஓரளவு நிம்மதி அடைகிறது.

ஆனால் அதே விவசாயி இரவில் தலை சாய்க்கும் வீட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டால், பெரும்பாலோரிடம் பதில் இல்லை. "வீட்டுக்கும் இன்சூரன்ஸ் உண்டா? அதெல்லாம் பட்டணத்து மாடி வீட்டுக்காரர்களுக்கு" என்பதே பலரின் எண்ணம். இந்த எண்ணம் சரியல்ல. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அப்படி அரும்பாடுபட்டுக் கட்டிய முந்நூறு, நானூறு சதுர அடி வீட்டுக்கும் இன்சூரன்ஸ் எடுக்கலாம். எந்த வீட்டுக்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது, கீற்றுக் கூரையில் வசிப்பவர்கள் என்ன செய்வது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

புயலும் வெள்ளமும் புதிதல்ல

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று மேற்கே பெய்யும் மழையெல்லாம் வடிந்து கடலில் சேரும் வழியில் அமைந்தது இந்த மாவட்டம். கிழக்கே வங்கக் கடல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் காற்றும் தண்ணீரும் இரு பக்கமும் நெருக்குகின்றன.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி கரையோரக் குப்பங்களை அழித்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயல், மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரி மரங்களோடு ஏராளமான குடிசைகளையும் சாய்த்தது. 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஆகிய கிராமங்களில் ஒரே நாளில் பாய்ந்த வெள்ளம் உயிர்களையும் வீடுகளையும் கொண்டு போயிற்று. 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது.

சிதம்பரம் பக்கத்தில் நிலைமை வேறு மாதிரி. அங்கே மழையே இல்லாத ஆடி, ஆவணியிலும் வெள்ளம் வரும். மேட்டூரிலிருந்து வரும் உபரி நீர் கொள்ளிடத்தில் பெருகும்போது பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, திட்டுக்காட்டூர் போன்ற கிராமங்கள் தீவாகிவிடுகின்றன. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் இதுவே நடந்தது.

ஆகவே இந்தப் பகுதியில் ஒரு வீட்டைக் கட்டுபவர், தமது ஆயுளில் ஒரு முறையாவது புயலோ வெள்ளமோ அதைச் சோதிக்கும் என்று எண்ணியே கட்ட வேண்டும்.

வீடு விழுந்தால் வயலும் விழும்

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வீராணம் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். செங்கல் சுவர், மேலே கல்நார் ஓடு. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. கார்த்திகையில் ஒரு புயல் அடிக்கிறது. வயலில் தண்ணீர் நிற்கிறது; வீட்டுக் கூரை பறந்துவிடுகிறது; ஒரு பக்கச் சுவரும் சரிந்துவிடுகிறது.

வயலில் தண்ணீர் வடிந்ததும் அழுகிய இடங்களில் பாடு நாற்று நட வேண்டும். மேலுரம் போட வேண்டும். அதற்கென்று கொஞ்சம் பணம் வைத்திருப்பார். ஆனால் பெண்டு பிள்ளைகளை மழையில் நிறுத்திவிட்டு யாரால் வயலுக்கு உரம் வாங்க முடியும்? முதலில் கூரைதான். ஓடு, மரம், கொத்தனார் கூலி என்று 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உரத்துக்கு வைத்திருந்த பணம் கூரைக்குப் போகிறது. போதாததற்கு நகை அடகுக் கடைக்குப் போகிறது. பின்னால் பயிர் காப்பீட்டுப் பணம் வந்தாலும் அது அடகை மீட்கவே சரியாகிவிடுகிறது. அடுத்த போகத்துக்கு விதை நெல் வாங்கக் கையில் காசில்லை.

இங்கே பயிர் காப்பீடு தன் வேலையைச் செய்தது. ஆனாலும் விவசாயி கடனாளி ஆனார். காரணம், பயிருக்கு வந்த பணத்தை வீடு சாப்பிட்டுவிட்டது. வீட்டுக்குத் தனியாக இன்சூரன்ஸ் இருந்திருந்தால் வயலுக்கு உரிய பணம் வயலுக்கே போயிருக்கும். சிறு விவசாயிக்கு வீட்டு இன்சூரன்ஸ் என்பது ஆடம்பரம் அல்ல. சாகுபடி முதலுக்கு வேலி என்று சொல்ல வேண்டும்.

அரசு நிவாரணம் எந்த அளவுக்கு உதவும்?

"புயல் வந்தால் சர்க்கார் பணம் தருமே" என்று சிலர் சொல்லக்கூடும். தருவது உண்மை. ஆனால் எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுத்த விதிகளில், சமவெளிப் பகுதியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்று குறிக்கப்பட்டது. நூற்றுக்குப் பதினைந்து பங்காவது சேதமடைந்த கெட்டி வீட்டுக்கு 6,500 ரூபாய். அதே அளவு சேதமடைந்த கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய். குடிசை என்று வகைப்படுத்தப்பட்டால், சேதமானாலும் அழிந்தாலும் 8,000 ரூபாய். வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகைக்கு 3,000 ரூபாய். இந்தத் தொகைகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றி அமைக்கப்படும். மாநில அரசு தன் பங்குக்குக் கூட்டித் தருவதும் உண்டு. 2024 ஃபெஞ்சல் புயலின்போது, சேதமடைந்த குடிசைகளுக்கு 10,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது.

நமது உதாரணக் குடும்பத்துக்கு வீடு முழுவதும் இடியவில்லை. விதிப்படி கிடைக்கக்கூடியது 6,500 ரூபாய். ஆகும் செலவோ 60,000 ரூபாய். நிவாரணம் என்பது விழுந்தவரைக் கைதூக்கி உட்கார வைக்கும் உதவி. வீட்டைத் திரும்பக் கட்டித் தருவதற்கென்று கணக்கிட்ட தொகை அல்ல. இடையில் உள்ள பள்ளத்தை நிரப்பத்தான் இன்சூரன்ஸ்.

முன்பு என்ன இருந்தது?

ஏழைகளின் வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்பது புதிய யோசனை அல்ல. 1988 மே 1 முதல் மத்திய அரசு கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்குக் குடிசை இன்சூரன்ஸ் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தீயில் குடிசை அழிந்தால் 1,000 ரூபாயும், உள்ளே இருந்த தட்டுமுட்டுச் சாமான்களுக்கு 500 ரூபாயும் கொடுக்கப்பட்டன. பிரீமியத்தை அரசே ஏற்றது. அந்தத் திட்டம் இப்போது இல்லை.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2005 மார்ச்சில் தமிழக அரசு வகுத்த மறுகுடியமர்வு ஏற்பாட்டில், 325 முதல் 350 சதுர அடி அளவுள்ள வீடுகளை ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான செலவில் கட்டுவது என்றும், கணவன் மனைவி இருவர் பேரிலும் கொடுப்பது என்றும், வீட்டுக்குப் பத்தாண்டு இன்சூரன்ஸ் செய்வது என்றும் முடிவு செய்யப்பட்டது. அதாவது, இத்தனை சிறிய வீட்டுக்கும் இன்சூரன்ஸ் தேவை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. ஆனால் பத்தாண்டு என்பது முடிந்துபோகும் காலம். 2007-ல் ஒப்படைத்த வீட்டுக்கு 2017-ல் கெடு முடிந்திருக்கும். அத்தகைய குடியிருப்புகளில் இருப்பவர்கள் தங்கள் பத்திரத்தை எடுத்துத் தேதியைப் பார்ப்பது நல்லது.

இப்போது உள்ள பாலிசி

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் வீட்டுக்கான பொதுவான பாலிசி நடைமுறைக்கு வந்துள்ளது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இதை வகுத்தது. வீட்டுக்குத் தீ இன்சூரன்ஸ் செய்யும் கம்பெனிகள் எல்லாம் இதைத் தர வேண்டும். அடிப்படை விதிகள் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே. யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, ஓரியண்டல், நேஷனல் என்ற நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளும் தனியார் கம்பெனிகளும் இதில் அடக்கம். எல்.ஐ.சி. ஆயுள் இன்சூரன்ஸ் செய்யும் நிறுவனம். வீட்டு இன்சூரன்ஸை அங்கே கேட்டுப் பயனில்லை.

இந்தப் பாலிசியில் தீ, இடி, புயல், சூறாவளி, வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம், கலவரம், வாகனம் அல்லது மரம் போன்றவை மோதியோ விழுந்தோ ஏற்படும் சேதம் ஆகியவை சேர்கின்றன. இத்தகைய ஆபத்து நேர்ந்த ஏழு நாட்களுக்குள் வீட்டில் திருட்டுப் போனாலும் கேட்கலாம். வெள்ளத்துக்குப் பயந்து முகாமுக்குப் போன சமயம் வீட்டில் பொருள் களவு போவது உண்டல்லவா? அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

கட்டடத்துக்கு எடுக்கும் தொகையில் நூற்றுக்கு இருபது பங்கு, அதிகபட்சம் பத்து லட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே பாதுகாப்பு கிடைக்கிறது. பீரோ, கட்டில், பாத்திரம், துணிமணி, தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவை இதில் அடங்கும். நகைக்கு வேண்டுமானால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஓர் ஆண்டு முதல் பத்தாண்டு வரை எடுக்கலாம். பல ஆண்டுக்குச் சேர்த்து எடுத்தால், கட்டுமானச் செலவு ஏறுவதை ஈடுகட்ட, இன்சூரன்ஸ் தொகை வருடத்துக்குப் பத்து சதவீதம் வீதம் தானாக உயரும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மனை விலையைச் சேர்த்துச் சொல்பவர்கள் ஒரு பக்கம். பிரீமியத்தைக் குறைக்க வீட்டின் அளவைக் குறைத்துச் சொல்பவர்கள் மறுபக்கம். இரண்டும் வேண்டாம். மண் புயலில் பறக்காது. அதற்கு இன்சூரன்ஸ் தேவையில்லை. வீட்டின் உள்ளளவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குவதே சரியான கணக்கு.

360 சதுர அடி வீடு. கட்டச் சதுர அடிக்கு 1,200 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 360-ஐ 1,200-ஆல் பெருக்கினால் 4,32,000 ரூபாய். இதுவே இன்சூரன்ஸ் தொகை. சாமான்களுக்குத் தானாகக் கிடைப்பது இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 86,400 ரூபாய்.

பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக் கணக்கிட்டாலும் வருடத்துக்கு 432 ரூபாய். வரி சேர்த்தால் ஐந்நூற்றுச் சொச்சம். நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. இரண்டு மூன்று கம்பெனிகளில் விசாரித்தால் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கக்கூடும்.

மாட்டுக் கொட்டகை, சுற்றுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, சாண எரிவாயுக் கலம் போன்றவற்றை விண்ணப்பத்தில் மறவாமல் சொல்லித் தொகையில் சேர்க்க வேண்டும். மாடு, பம்பு செட், டிராக்டர் ஆகியவை வீட்டுப் பாலிசியில் வராது. அவற்றுக்குத் தனித்தனிப் பாலிசி உண்டு. விற்பனைக்கு அடுக்கி வைத்த நெல் மூட்டை வீட்டுச் சாமான் ஆகாது என்று கம்பெனி சொல்ல இடமிருக்கிறது. ஆகையால் அதை முன்னதாகவே கேட்டுத் தெளிய வேண்டும்.

கூரை எது என்பதே முதல் கேள்வி

விண்ணப்பத்தில் சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்று கேட்பார்கள். மரப் பலகை, கீற்று, புல், வைக்கோல், மூங்கில், பிளாஸ்டிக் துணி, தார்ப்பாய் மற்றும் இவை போன்றவற்றால் சுவரோ கூரையோ அமைந்திருந்தால் அது 'கச்சா' கட்டடம் என்று பாலிசி கூறுகிறது. மற்றவை 'பக்கா' கட்டடம்.

இதன்படி தளம் போட்ட வீடு, நாட்டு ஓட்டு வீடு, சீமை ஓட்டு வீடு, கல்நார் அல்லது தகர ஓடு போட்ட செங்கல் வீடு ஆகியவற்றுக்குத் தடை இல்லை. மண் சுவர் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. ஆனால் 'இவை போன்றவை' என்ற சொல் இருப்பதால், மண் சுவர் வீட்டுக்காரர்கள் உள்ளதை உள்ளபடி எழுதி, கம்பெனி ஏற்றுக்கொண்டதைப் பாலிசிப் பத்திரத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டு வீட்டுக்கு முன்னால் கீற்றுச் சாய்ப்பு இறக்கியிருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும்.

கீற்றுக் கூரை எளிதில் தீப்பற்றும், காற்றில் பிரியும். எனவே அத்தகைய வீட்டை ஏற்கக் கம்பெனிகள் தயங்குகின்றன. பாதுகாப்பு அதிகம் தேவைப்படுபவருக்கே கதவு அடைபடுகிறது என்பது வருந்தத்தக்க உண்மை. அவர்களுக்கு உள்ள வழிகள் இரண்டு.

முதல் வழி, கூரையை மாற்றுவது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டமும், குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க 2024-25-ல் தமிழக அரசு தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டமும் இதற்காக வந்தவை. பின்னது 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் உதவி என்று அறிவிக்கப்பட்டது. கிராம சபையில் பட்டியல் வைக்கும்போது தம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், மனைக்குப் பட்டாவைச் சரியாக்கிக்கொள்வதும் குடிசைவாசிகள் செய்ய வேண்டிய முதல் காரியம். இப்படிக் கட்டி முடித்த வீட்டுக்கு அந்த வருடமே இன்சூரன்ஸ் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது வழி, கூட்டாகக் கேட்பது. தனியாளாகப் போனால் மறுக்கப்படும் குடிசை, நூறு வீடாகச் சேர்ந்து போனால் கவனிக்கப்படும். 2005-ல் வந்த சிறு இன்சூரன்ஸ் விதிகளில் குடிசை, கால்நடை, தொழிற் கருவி ஆகியவை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. சுய உதவிக் குழுக்களும் தொண்டு நிறுவனங்களும் ஏஜெண்டாக இருக்கலாம் என்று அவ்விதிகள் அனுமதித்தன. 2024-ல் வந்த விதிகள், கிராம ஊராட்சிகளில் உள்ள வீடுகளிலும் கடைகளிலும் ஒரு பங்கையாவது பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்க்க வேண்டும் என்கின்றன. ஆகவே மகளிர் குழுவோ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ, ஊராட்சியோ பட்டியலுடன் கம்பெனிக் கிளைக்குப் போய் எழுத்து மூலம் கேட்பதில் தவறில்லை, கேட்கவும் வேண்டும்.

எதற்குப் பணம் கிடைக்காது?

நாட்பட்ட ஒழுகலால் ஊறிச் சரிந்த சுவருக்குக் கிடைக்காது. தேய்மானமும் மராமத்து இல்லாமையும் வீட்டுக்காரர் பொறுப்பு. புதுக் கட்டடம் அமரும்போது விழும் விரிசலுக்கும், மட்டமான கட்டுமானத்தால் வந்த சேதத்துக்கும் கிடைக்காது.

கொள்ளிடக் கரையிலும் கடலோரத்திலும் இருப்பவர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வெள்ளம் புகுந்து வீடு இடிந்தால் அது வெள்ளச் சேதம், பாலிசியில் உண்டு. ஆறு அல்லது கடல் கரையை அரித்து, அதனால் மண் உள்வாங்கி வீடு இறங்கினால் அது கரை அரிப்பு, பாலிசியில் இல்லை. எனவே ஆறு அரித்துக்கொண்டு வரும் விளிம்பில் உள்ள வீட்டுக்கு இன்சூரன்ஸை மட்டும் நம்பியிருப்பது விவேகம் ஆகாது.

வீட்டில் கடை, மாவு மில் போன்ற தொழில் நடந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பாலிசி குடியிருப்புக்கு மட்டுமே.

பாலிசி எடுக்கும்போது

வங்கியில் கடன் வாங்கிக் கட்டிய வீடானால், வங்கியே இன்சூரன்ஸ் செய்திருக்கக்கூடும். பிரீமியத்தைக் கணக்கில் பிடித்தும் இருக்கலாம். பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, தொகையும் தேதியும் சரியா என்று பார்க்க வேண்டும்.

பட்டா, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, ஆதார் நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு வரி ரசீது மட்டும் சொத்துரிமைக்குச் சான்று ஆகாது. புறம்போக்கில் இருப்பவர்கள் தங்கள் நிலையைக் கம்பெனியில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

எடுக்கும் காலம் சித்திரை முதல் ஆடிக்குள் இருக்கட்டும். கொள்ளிடக் கரையில் இருப்பவர்கள் ஆடி வரையிலும் காத்திருக்க வேண்டாம். வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்ட பிறகு ஓடுவது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம். பாலிசி தொடங்கும் நேரத்துக்கு முன் நேர்ந்த சேதத்துக்கு ஒரு காசும் கிடையாது.

பாலிசி வந்ததும் வீட்டின் நான்கு பக்கமும், உள்ளறைகளும், கூரையும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். வெளியூரில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ அதை அனுப்பி வைத்தால், கைப்பேசி வெள்ளத்தில் போனாலும் படம் இருக்கும். பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு சேர்த்து வைக்க வேண்டும். பாலிசி எண்ணைச் சமையல் அறைக் காலண்டரில் எழுதி வைப்பதும் நல்ல பழக்கம்.

சேதம் நேர்ந்தால்

முதலில் உயிர், பிறகு மாடு, அதன் பின் வீடு. எல்லோரும் பத்திரமான பிறகு அன்றே அல்லது மறுநாளே கம்பெனிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இடிபாடுகளை உடனே வாரிக் கொட்டிவிடக் கூடாது. படம் எடுக்க வேண்டும். மேலும் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடுவது தவறில்லை. சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமையே. அந்தச் செலவின் ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பார்வையிடும்போது சேத விவரத்தை முறைப்படி பதியச் செய்ய வேண்டும். தீ விபத்தானால் தீயணைப்பு நிலையச் சான்றும், களவானால் போலீஸ் புகார் நகலும் வேண்டும். கொத்தனார், தச்சரிடம் செலவு மதிப்பீட்டை எழுதி வாங்கி வைக்க வேண்டும்.

கம்பெனியின் சர்வேயர் வரும்போது வீட்டுக்காரர் கூடவே இருந்து ஒவ்வொரு சேதத்தையும் காட்ட வேண்டும். மிகைப்படுத்தியும் சொல்ல வேண்டாம். கூச்சப்பட்டு விட்டுவிடவும் வேண்டாம். புரியாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

பணம் தர மறுத்தாலோ, குறைத்துத் தந்தாலோ, முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். தமிழ்நாடும் புதுச்சேரியும் அவர் எல்லைக்கு உட்பட்டவை. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் குறை சொல்லலாம்.

இந்தக் கோடையில் செய்ய வேண்டியது

அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வரும் காலத்தில் எத்தனையோ செலவுகள் வரிசையில் நிற்கும். அவற்றில் ஐந்நூறு ரூபாயை வீட்டுக்கென்று ஒதுக்குவது பெரிய பாரம் ஆகாது. ஓடு போட்ட வீடு, தளம் போட்ட வீடு உள்ளவர்கள் பக்கத்து நகரத்தில் உள்ள கம்பெனிக் கிளைக்கு ஒரு நாள் போய்வர வேண்டும். கூரை வீட்டில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: வீட்டுப் பட்டியலில் எங்கள் பெயர் உண்டா? எங்கள் ஊர் குடிசைகளுக்குக் கூட்டு இன்சூரன்ஸ் கேட்டு ஊராட்சி எழுதுமா?

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது விவசாயிக்குத் தெரியாத பழமொழி அல்ல. வயலுக்கு வரப்புக் கட்டுபவர் வீட்டுக்கும் ஒரு வரப்புக் கட்டிவைத்தால், கார்த்திகைக் காற்று கூரையைப் பிரித்தாலும் தை மாத அறுவடையையும் அடுத்த போகத்து விதை நெல்லையும் அது தொடாது.